பத்து வயல்களும் நூறு வயல்களும்

பத்தாம் வகுப்பு மாணவி

நாஞ்சில் நாடு நெல்லுக்குப் பேர் பெற்றது. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு பருவங்களிலும் இங்கு நெல் விளைகிறது. பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. பெருஞ்சாணி அணை அதற்குப் பின் வந்தது. இவற்றின் நீர் தோவாளைக் கால்வாய், அனந்தனார் கால்வாய், நாஞ்சில்நாடு புத்தனார் கால்வாய் முதலியவற்றின் வழியே குளங்களையும் வயல்களையும் சேர்கிறது. திருப்பதிசாரத்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நெல் வகைகள் அவ்வூரின் பெயராலேயே டி.பி.எஸ். என்று வழங்குகின்றன.

இத்தகைய நாட்டில் நெல்வயல்கள் தென்னந்தோப்பாகவும், வாழைத் தோட்டமாகவும், வீட்டு மனையாகவும் மாறி வருவதைப் பேருந்தின் சன்னல் வழியாகவே நாம் காண்கிறோம். "ஒரு வயல் போனால் என்ன? மற்ற வயல்கள் இருக்கின்றனவே!" என்று சிலர் சொல்வதுண்டு. இது சரிதானா? இதற்கு விடை காணக் கணக்கும் உயிரியலும் கணிப்பொறியும் கைகோக்க வேண்டும் என்பதை இவ்வாண்டு நாங்கள் வகுப்பில் கற்றோம். கற்றதைத் தோழியருக்கும், அருட்சகோதரியருக்கும், பெற்றோருக்கும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தலைவர் இல்லாத ஒழுங்கு

சுவரோரம் செல்லும் எறும்புச் சாரையைப் பாருங்கள். அங்கே கட்டளையிடும் அதிகாரி எவரும் இல்லை. ஒவ்வோர் எறும்பும் முன்னே சென்ற எறும்பு விட்ட வாசனையைத் தொடர்கிறது. தானும் சிறிது வாசனையை விட்டுச் செல்கிறது. அவ்வளவே. இச்சிறு செயல்களிலிருந்து நேரான பாதை ஒன்று தானே உருவாகிவிடுகிறது. வானில் வளைந்து திரும்பும் பறவைக் கூட்டமும், சந்தையில் மீன் விலை ஏறி இறங்குவதும் இத்தகையனவே.

பலர் சேர்ந்திருப்பர், ஒவ்வொருவரும் தம் அயலாரை மட்டும் பார்த்து நடப்பர், சூழ்நிலை மாறும்போது தம் நடத்தையையும் மாற்றிக்கொள்வர், முடிவில் எவரும் திட்டமிடாத ஒரு முழு உருவம் தோன்றும். இதனையே அறிஞர்கள் 'சிக்கலான தகவமைப்பு அமைப்பு' என்பர். அமெரிக்காவில் 1984இல் தொடங்கப்பெற்ற சாந்தா ஃபே ஆய்வு நிறுவனம் இத்துறைக்குப் பெயர் பெற்றது. இத்துறையை வளர்த்தவர்களுள் ஜான் ஹாலந்து என்பவர் முதன்மையானவர்.

இதனைச் சொல்லிக் கொடுப்பது கடினம். கூட்டத்தைக் கண்டவுடன் அதற்கொரு தலைவர் இருப்பார் என்று எண்ணுவது நம் மனத்தின் பழக்கம். மிட்செல் ரெஸ்னிக் என்னும் கல்வியறிஞர் 1994இல் எழுதிய நூலில் இந்தப் பழக்கத்தைத்தான் விளக்கியுள்ளார். மாணவர்கள் தாங்களே சிறு விதிகளை எழுதி, அவ்விதிகள் என்ன செய்கின்றன என்பதைக் கணிப்பொறித் திரையில் கண்டால்தான் அப்பழக்கம் மாறும் என்பது அவர் கருத்து. கேட்டு அறிவதைவிடச் செய்து அறிவது மேலன்றோ!

முதற்பாடம்: ஒரு தாளும் ஒரு பென்சிலும்

கணிப்பொறியைத் தொடுவதற்கு முன் நாங்கள் கட்டம் போட்ட தாளையே எடுத்துக்கொண்டோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1970இல் புகழ்பெற்ற ஜான் கான்வே என்ற கணித மேதையின் 'வாழ்க்கை விளையாட்டு'ம் முதலில் பலகையிலும் காய்களிலும்தான் ஆடப்பட்டது.

பக்கத்துக்குப் பத்தாக நூறு கட்டங்கள் வரைக. ஒவ்வொரு கட்டமும் ஒரு நெல்வயல். ஒரு வயலுக்கு மேலும் கீழும் இடமும் வலமுமாக நான்கு அயல் வயல்கள் உண்டு. ஓரத்து வயலுக்கு மூன்று. மூலை வயலுக்கு இரண்டு.

அயல் வயல் ஏன் முக்கியம்? எங்களுள் சிலர் தம் பாட்டாமாரிடம் இதனைக் கேட்டு வந்தனர். பக்கத்து வயல் தென்னந்தோப்பானால் நிழல் விழும். சுற்றிலும் நெல் இல்லாவிட்டால் எலியும் பறவையும் மிச்சமுள்ள ஒரே வயலை நாடி வரும். வாய்க்காலைத் தூர்வார ஆள் சேராது. மனை போட்டு மண் நிரப்பினால் மடையே அடைபடும். ஆகவே அயலார் நெல்லை விட்டால் நமக்கும் நெல் செய்வது கடினமாகிறது.

இதனை ஒரே விதியாக எழுதினோம்: 'அயலில் இரண்டு வயல்களாவது நெல்லை விட்டிருந்தால், அடுத்த சுற்றில் இவ்வயலும் நெல்லை விடும். விட்ட வயல் மீண்டும் நெல்லுக்குத் திரும்பாது.'

இப்போது பத்து வயல்களை மட்டும் பென்சிலால் கருப்பாக்குக. முதலில் மேல் ஓரத்து வரிசையின் பத்துக் கட்டங்களையும் கருப்பாக்கிப் பாருங்கள். இரண்டாம் வரிசை வயல் ஒவ்வொன்றுக்கும் விட்டுப்போன அயல் ஒன்றே ஒன்று. ஆகவே எதுவும் மாறாது. தொண்ணூறு வயல்களும் பச்சையாகவே நிற்கும்.

அடுத்து அதே பத்துக் கட்டங்களை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக வையுங்கள். முதற் சுற்றில் விட்டுப்போன வயல்கள் 28 ஆகின்றன. பிறகு 44, 58, 70, 80, 88, 94, 98 என்று ஏறி, ஒன்பதாம் சுற்றில் நூறும் போய்விடுகின்றன! இரண்டு முறையும் போன வயல்கள் பத்துதான். முதல் முறை தொண்ணூறு தப்பின. இரண்டாம் முறை ஒன்றும் தப்பவில்லை. எத்தனை வயல்கள் போயின என்பதோடு, அவை எங்கெங்கே இருந்தன என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. இதனைக் கண்டபோது வகுப்பே வியப்பில் ஆழ்ந்தது.

ஒன்பது ஏன் போதாது?

ஒன்பது வயல்களை எப்படி வைத்தாலும் நூறும் போகாது. இதற்கு எளிய கணக்கு உண்டு. விட்டுப்போன வயல்களைச் சுற்றி நூல் கட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயலுக்கு நான்கு பக்கம். ஒன்பது வயல்கள் ஒன்றையொன்று தொடாமல் இருந்தாலும் நூலின் நீளம் 36 பக்கங்களே. புதிதாக ஒரு வயல் சேரும்போது அதன் இரு பக்கங்களிலாவது ஏற்கெனவே நூல் இருக்கும். அந்த நூல் நீங்கிவிடும். மிஞ்சிய இரு பக்கங்களுக்கு மட்டுமே புது நூல் வேண்டும். எனவே மொத்த நூல் ஒருபோதும் கூடுவதில்லை. நூறு வயல்களையும் சுற்ற 40 பக்கம் நூல் தேவை. 36 எப்படி 40 ஆகும்? ஆகவே ஒன்பது போதாது, பத்து போதும்.

இன்னொரு சோதனையும் செய்தோம். விதியில் உள்ள 'இரண்டு' என்பதை 'மூன்று' என்று மாற்றினோம். குறுக்காக வைத்த அதே பத்து வயல்களால் இப்போது ஒரு வயல்கூட மாறவில்லை. ஒவ்வொரு விவசாயியும் இன்னும் ஓர் அயலின் இழப்பைத் தாங்கிக்கொள்ளும் வலிமை பெற்றால், அந்தச் சரிவு தொடங்குவதே இல்லை. நேரத்தில் வரும் தண்ணீரும், தூர்வாரிய வாய்க்காலும், நெல்லுக்கு நியாயமான விலையும் அத்தகைய வலிமையைத் தருவன அல்லவா?

தாளிலிருந்து கணிப்பொறிக்கு

நூறு கட்டங்களைப் பென்சிலால் மாற்றலாம். பத்தாயிரம் கட்டங்களை எப்படி மாற்றுவது? இங்குதான் கணிப்பொறி துணைக்கு வருகிறது.

சிறுவர்களுக்கென்றே உருவான லோகோ மொழி 1967இல் பிறந்தது. சீமோர் பேப்பர்ட்டும் அவர்தம் தோழர்களும் அதனை உருவாக்கினர். அதில் ஓர் ஆமை நாம் சொன்னபடி நகர்ந்து கோடு வரையும். பின்னர் ரெஸ்னிக் ஸ்டார்லோகோவை அமைத்து, ஓர் ஆமைக்குப் பதில் ஆயிரக்கணக்கான ஆமைகளை ஒரே நேரத்தில் நடமாட விட்டார். யூரி வில்லென்ஸ்கி 1999இல் நெட்லோகோவை வெளியிட்டார். 2007இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலிருந்து ஸ்கிராட்ச் வந்தது. நெட்லோகோவும் ஸ்கிராட்ச்சும் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் 2019இல் வெளிவந்த பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் கடைசிப் பாடத்திலும் ஸ்கிராட்ச் இடம்பெற்றுள்ளது. கடைசிப் பாடந்தானே என்று தள்ளிவிடாமல், அதனையே நாங்கள் எங்கள் ஏணியாகக் கொண்டோம்.

வயல் பாடத்தை ஸ்கிராட்ச்சில் எழுதும் முறை இது. 144 இடங்கள் கொண்ட ஒரு பட்டியலை உண்டாக்க வேண்டும். நூறு வயல்களுக்கு 144 எதற்கு? சுற்றிலும் ஒரு வரிசை வரப்பு வேண்டும். ஆகவே பக்கத்துக்குப் பன்னிரண்டு. வரப்பு இல்லாவிட்டால் ஒரு வரிசையின் கடைசி வயலையும் அடுத்த வரிசையின் முதல் வயலையும் அயல் என்று கணிப்பொறி எண்ணிவிடும். நெல் உள்ள இடத்தில் 0, விட்ட இடத்தில் 1 என்று எழுதுக. வரப்பு எப்போதும் 0. முதல் வயல் 14ஆம் இடத்திலும் கடைசி வயல் 131ஆம் இடத்திலும் அமையும். இடையில் வரும் எண்களுள் 12ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1 வருபவை வரப்பு. அவற்றைத் தாண்டிச் செல்ல வேண்டும். ஒரு வயலின் அயல்களை அறிய அதன் எண்ணோடு 1ஐயும் 12ஐயும் கூட்டியும் கழித்தும் பார்த்தால் போதும். அந்நான்கு இடங்களின் கூட்டுத்தொகை 2 அல்லது அதற்கு மேல் என்றால் வயல் மாறும்.

ஒன்றை மறக்கலாகாது. புதிய நிலையை இரண்டாம் பட்டியலில் எழுதி, சுற்று முடிந்தபின்பே முதற் பட்டியலுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒரே சுற்றில் முதலில் மாறிய வயல் பின்னால் வரும் வயலையும் மாற்றிவிடும். எல்லா வயல்களும் ஒரே நேரத்தில் முடிவெடுப்பதாகாது. பென்சிலால் கிடைத்த 28, 44, 58 என்ற எண்களே திரையிலும் வந்தால் நிரல் சரியென்று அறியலாம். தாளில் முதலில் செய்ததன் பயன் இதுவே.

இரண்டாம் பாடம்: புகையானும் சிலந்தியும்

முதற்பாடத்தில் வயல்கள் மாறினவே தவிர, விதி மாறவில்லை. உயிருள்ளவை அப்படியல்ல, அவை நிலைமைக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்ளும். இதற்கு நெல்வயலிலேயே நல்ல எடுத்துக்காட்டு புகையான்.

புகையான் ஒரு சிறு தத்துப்பூச்சி. நெற்பயிரின் அடித்தூரில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும். மிகுந்துவிட்டால் பயிர் புகைபிடித்தாற்போல் காய்ந்துவிடும். பெயர்க் காரணமும் அதுவே. 1973-74இல் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் குட்டநாட்டில் புகையான் பெருஞ்சேதம் விளைவித்தது. உணவு நிறைந்திருக்கும் காலத்தில் இப்பூச்சி குட்டை இறக்கையோடு வளர்ந்து அங்கேயே பெருகும். கூட்டம் மிகுந்து பயிர் வாடத் தொடங்கினால் நீண்ட இறக்கையோடு வளர்ந்து வேறு வயலுக்குப் பறந்துவிடும். 1973இல் பிலிப்பைன்சில் புகையானை எதிர்த்து நிற்கும் ஐ.ஆர்.26 என்ற நெல் வெளியானது. சில ஆண்டுகளிலேயே அதனையும் உண்ணக்கூடிய புகையான் பெருகிவிட்டது. தகவமைப்பு என்பது இதுதான்.

புகையானுக்கு எமனாக விளங்குவது ஓநாய்ச் சிலந்தி. இது வலை பின்னாது. ஓடிப் பிடித்து, நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னும்.

இவ்விரண்டையும் ஸ்கிராட்ச்சில் உருவங்களாக வரைந்து, விதிகள் எழுதினோம். புகையான் ஓர் அடி நகரும். பச்சை இருந்தால் உறிஞ்சும். வயிறு நிரம்பினால் முட்டையிடும். பச்சை கிடைக்காவிட்டால் மடியும். சிலந்தி நகரும், புகையானைத் தொட்டால் தின்னும், போதிய அளவு தின்றால் பெருகும், பட்டினி கிடந்தால் மடியும். சிலந்தி இல்லாமல் ஓடவிட்டபோது வயல் முழுதும் பழுப்பாயிற்று. சிலந்தியைச் சேர்த்தபோது புகையான் ஏறியது, அதன்பின் சிலந்தி ஏறியது, புகையான் இறங்கியது, சிலந்தியும் இறங்கியது. ஊஞ்சல்போல் இரண்டும் ஆடின.

பிறகு 'மருந்து' என்று ஒரு பொத்தான் வைத்தோம். அதனை அழுத்தினால் திரையிலுள்ள பூச்சியும் சிலந்தியும் பெரும்பாலும் மறையும். ஆனால் முட்டைகள் மிஞ்சும். இது கற்பனையன்று. புகையான் முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. மருந்து அதனை எளிதில் தொடாது. தாய்ச் சிலந்தியோ தன் முட்டைப் பையை உடலோடு சுமந்து திரிகிறது. தாய் மடிந்தால் பிள்ளைகளும் மடியும். ஆகவே முதலில் திரை வெறிச்சோடியது. சில சுற்றுகளில் முட்டைகள் பொரிந்தன. தின்பதற்குச் சிலந்தி இல்லை. பெரும்பாலான ஓட்டங்களில் புகையான் முன்னைவிட அதிகமாகப் பெருகியது. பகைவனை அழிக்கப்போய் நண்பனை அழித்த கதையாயிற்று! 1986இல் இந்தோனேசிய அரசு நெற்பயிரில் 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது இக்காரணம் பற்றியே.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்கிராட்ச்சில் 300 நகல்களுக்கு மேல் உண்டாக்க முடியாது. புகையானின் பெருக்கம் 300இல் நின்றால் அது வயலின் எல்லையன்று; கருவியின் எல்லை. பெரிய மாதிரிகளுக்கு நெட்லோகோவே ஏற்றது. அதனுடன் வரும் மாதிரிகளுள் ஓநாயும் ஆடும் புல்லும் பற்றிய ஒன்றுண்டு. எங்கள் சிலந்திக்கு அதுவே உடன்பிறப்பு.

பாலித் தீவு தரும் பாடம்

இத்தகைய மாதிரிகள் பள்ளி விளையாட்டு மட்டுமல்ல. இந்தோனேசியாவின் பாலித் தீவில் விவசாயிகள் 'சுபாக்' என்னும் நீர்ச் சங்கங்களாகக் கூடி வாழ்கின்றனர். எப்போது நடுவது, எப்போது வயலைத் தரிசாக விடுவது என்பதை நீர்க் கோயில்களில் கூடிப் பேசி முடிவு செய்வது அவர்கள் மரபு. 1970களில் இம்முறையைக் கைவிட்டு, இயன்ற போதெல்லாம் நடும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. தண்ணீர்ப் பங்கீடு குழம்பியது, பூச்சிகளும் பெருகின.

ஸ்டீபன் லான்சிங், ஜேம்ஸ் கிரெமர் என்ற இரு அறிஞர்கள் 172 சுபாக்குகளைக் கணிப்பொறி மாதிரியில் அமைத்து, 1993இல் முடிவை வெளியிட்டனர். எல்லாரும் ஒரே நாளில் நட்டால் பூச்சிக்குப் புகலிடம் இல்லை. ஆனால் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் வேண்டும். ஆளுக்கொரு நாளில் நட்டால் தண்ணீர் போதும். பூச்சியோ வயல் விட்டு வயல் தாவி வாழும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் கூடி நடுவதே சிறந்தது என்று மாதிரி காட்டியது. ஒவ்வொரு சுபாக்கும் தன்னைவிட நன்றாக விளைவித்த அயலாரைப் பார்த்து நடந்துகொள்ளும்படி விட்டபோது, உண்மையான நீர்க் கோயில்களின் அமைப்பை ஒத்த ஒழுங்கு மாதிரியில் தானே உருவாயிற்று. முன்னோர் பழக்கத்தில் இருந்த அறிவைக் கணிப்பொறி எடுத்துக் காட்டியது. 2012இல் யுனெஸ்கோ நிறுவனம் சுபாக் முறையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நம் நாஞ்சில் நாட்டிலும் கால்வாய்த் தண்ணீரை ஒட்டி, கன்னிப்பூ, கும்பப்பூ என்று ஊரே ஒரு பருவத்தில் நட்டு ஒரு பருவத்தில் அறுப்பதன் பொருள் இப்போது நமக்குப் புதிதாக விளங்குகிறதல்லவா?

மாதிரி சொல்வதும் சொல்லாததும்

மாதிரி என்பது சோதிடம் அன்று. எங்கள் கட்டத்தாளில் கடன் இல்லை, மகள் திருமணச் செலவு இல்லை, கூலியாள் பற்றாக்குறை இல்லை. உண்மையில் ஒரு விவசாயி வயலை விற்பதற்கு இவையெல்லாம் காரணமாகலாம். ஆகவே மாதிரியைக் காட்டி எவரையும் குறை கூறலாகாது. எந்த விதியை எழுதினோம், எதனை விட்டுவிட்டோம் என்பதை வெளிப்படையாகச் சொல்வதும், குலுக்கல் உள்ள மாதிரியைப் பலமுறை ஓட்டிப் பார்த்தபின் பேசுவதும் மாணவியரின் கடமையாகும்.

ஆயினும் ஒன்றை மாதிரி தெளிவாகக் காட்டுகிறது. அயலாருடன் கட்டுண்ட வயல்களில் ஒன்றின் இழப்பு ஒன்றோடு நிற்பதில்லை. கேரள அரசு 2008இல் நெல்வயல்களையும் ஈரநிலங்களையும் காக்கத் தனிச் சட்டமே இயற்றியது. அத்தகைய சட்டம் தனித்தனி வயலை மட்டும் எண்ணாமல் வயற்பரப்பு முழுவதையும் எண்ணிப் பார்க்க வேண்டிய காரணம் இப்போது புரிகிறது.

செய்து பாருங்கள்

1. பத்து வயல்களைக் குறுக்காக அல்லாமல் வேறு எந்த விதமாக வைத்தால் நூறும் போகும்?
2. குறுக்கே வைத்த பத்தில் ஒன்றை மட்டும் நீக்கினால் எத்தனை வயல்கள் தப்பும்?
3. பாதி விவசாயிகளுக்கு 'இரண்டு' விதியும், மீதிப் பேருக்கு 'மூன்று' விதியும் கொடுத்தால் என்ன ஆகும்?
4. பத்து நெல் ஆண்டுக்கு ஒருமுறையேனும் திரும்பி வரலாம் என்று விதியைத் தளர்த்தினால் பலகை எப்படி மாறும்?

ஒரே கணிப்பொறி உள்ள பள்ளியிலும் இதனைச் செய்யலாம். நால்வர் குழுவாக அமர்ந்து, தாளில் முதலில் முடித்து, பிறகு முறை வைத்துத் திரையில் ஓட்டினால் போதும். நிரல் எழுதக் கற்பது வேலைக்காக மட்டும் என்று பெற்றோர் எண்ண வேண்டாம். நம் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும், நம் வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் உள்ள உறவைக் கணக்கோடு எண்ணிப் பார்க்கும் கண்ணை அது நமக்குத் தருகிறது.

'சிறு துளி பெருவெள்ளம்' என்பது நம் பழமொழி. நன்மைக்கும் அது பொருந்தும். இழப்புக்கும் அது பொருந்தும். "ஒரு வயல் போனால் என்ன?" என்று இனி யாரேனும் கேட்டால், "அது எந்த வயல்? அதன் அயலில் என்ன நிற்கிறது?" என்று நாம் திருப்பிக் கேட்போம்.